சதுரத்துக்குச் சாதி இல்லை, பஞ்சாலைக்கு இருந்தது

ஐரோப்பிய அரூப ஓவியத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும், "பேசின் பிரிட்ஜுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாலு கோடு, இரண்டு கட்டம், கோடிக்கணக்கில் ஏலம். அரூப ஓவியம் பற்றி நம் காதுக்கு வந்து சேர்ந்த செய்தி அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கட்டங்களை முதலில் வரைந்தவர்கள் ஏலத்துக்காக வரையவில்லை. பழைய உலகம் இடிந்து விழுகிறது, எல்லா மனிதருக்கும் பொதுவான ஒரு புதிய உலகம் வரப்போகிறது, அதற்குப் புதிய காட்சி மொழி வேண்டும் என்று நம்பி வரைந்தார்கள். அவர்களில் முக்கியமான சிலரைப் பாதித்த ஒரு சிந்தனையின் தலைமையகம் நம் ஊரில், அடையாற்றில் இருந்தது. அதே அடையாற்றிலிருந்து வடக்கே வந்த ஒருவர்தான் பெரம்பூரில் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். அந்தச் சங்கத்தின் பெரிய வேலைநிறுத்தம் நடந்த 1921ஆம் ஆண்டில்தான், பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன.

ஓவியம், சங்கம், தீ. இந்த மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகத்தான் படித்திருக்கிறோம். சேர்த்துப் படித்தால், "எல்லோரும் ஒன்று" என்ற சொல் எப்போது நமக்கு உதவுகிறது, எப்போது நம்மைக் கைவிடுகிறது என்பது கொஞ்சம் தெளிவாகும்.

உருவத்தைக் கைவிட்டவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பிய ஓவியம் பெரும்பாலும் யாரையாவது, எதையாவது காட்டியது. அரசர், ஏசு, சீமான், சீமான் வீட்டுப் பெண், அவருடைய நிலம், குதிரை. காசு கொடுத்தவரின் முகம் சுவரில் தொங்கியது. உழைப்பவர் படத்தில் வந்தாலும் மூலையில் வந்தார்.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிலர் இந்த முகத்தையே விட்டுவிட்டார்கள். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியின் மியூனிக்கில் வாழ்ந்த வாஸிலி காண்டின்ஸ்கி, இசைக்கு எப்படிப் பொருள் தேவையில்லையோ அப்படி ஓவியத்துக்கும் தேவையில்லை என்றார். நிறமும் கோடுமே மனதைத் தொடும் என்றார். 1911 டிசம்பரில் 'கலையில் ஆன்மிகம்' பற்றிய அவரது நூல் வெளியானது. டச்சு ஓவியர் பியத் மோந்திரியான் மரத்தையும் கடலையும் வரைந்து வரைந்து, கடைசியில் கிடைக்கோடு, நெடுங்கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். 1917இல் தியோ வான் டூஸ்பர்க் தொடங்கிய 'டி ஸ்டைல்' இதழைச் சுற்றி அவரும் வேறு சிலரும் கூடினார்கள். அந்தக் குழு 1918இல் வெளியிட்ட அறிக்கை முதல் உலகப் போரின் கடைசி நாட்களில் வந்தது. 'நான்' என்ற தனிமனித ஆணவம்தான் உலகைப் போரில் தள்ளியது, இனி 'பொது' என்பதை நோக்கிக் கலையும் வாழ்க்கையும் போகவேண்டும் என்பது அதன் சாரம்.

ரஷ்யாவில் காஸிமிர் மாலெவிச் 1915 டிசம்பரில் பெட்ரோகிராட் நகரில் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்தார். அதை எங்கே மாட்டினார் என்பதுதான் விஷயம். ரஷ்யக் குடும்பங்கள் சாமி படம் வைக்கும் மூலையில், கூரைக்குக் கீழே மாட்டினார். சாமி இருந்த இடத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சதுரம்.

1919 ஏப்ரலில் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் 'பௌஹாஸ்' பள்ளியைத் தொடங்கினார். கைவினைஞருக்கும் கலைஞருக்கும் நடுவில் ஆணவம் எழுப்பிய சுவரை இடிப்போம் என்பது அதன் தொடக்க அறிக்கையின் உயிர்நாடி. தச்சர், குயவர், நெசவாளர், ஓவியர் எல்லோரும் ஒரே பட்டறையில் கற்க வேண்டும். 1922 முதல் காண்டின்ஸ்கியும் அங்கே ஆசிரியர். இந்த வரியை இந்தியாவில் படிக்கும்போது நமக்கு உடனே ஒன்று தட்டுப்படும். ஐரோப்பாவில் அந்தச் சுவர் வர்க்கத்தால் ஆனது. இங்கே அது பிறப்பால் ஆனது. கை அழுக்காகும் வேலை செய்பவரைத் தொடவே கூடாது என்று சொன்ன நாடு இது.

பௌஹாஸின் வாசலிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஆண், பெண் பேதமில்லை என்று சொல்லித்தான் பள்ளி தொடங்கியது. பெண்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்ததும், அவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். 'பொது' என்று எழுதிய கதவுக்குள்ளும் பழைய வேலைப் பிரிவினை போய் உட்கார்ந்துகொண்டது. அரூப ஓவியத்தின் வரலாற்றிலும் இதேதான் நடந்தது. ஸ்வீடன் நாட்டின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண் 1906லேயே உருவமற்ற ஓவியங்களை வரையத் தொடங்கிவிட்டார். பல பத்தாண்டுகள் அவர் பெயர் வரலாற்று நூல்களில் இல்லை.

அடையாற்றுக் கயிறு

காண்டின்ஸ்கி, மோந்திரியான், ஹில்மா ஆஃப் கிளிண்ட் மூவருக்கும் பொதுவான ஒன்று பிரம்மஞான சபை. மோந்திரியான் 1909இல் அதன் டச்சுக் கிளையில் உறுப்பினரானார். காண்டின்ஸ்கி தன் 1911 நூலில் அந்தச் சபையையும் அதை நிறுவிய பிளவாட்ஸ்கி அம்மையாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அரூப ஓவியத்துக்கு வேறு பல வேர்களும் உண்டு. ஆனாலும் இந்த வேர் நம் மண்ணில் இருப்பதால் நாம் பார்த்தாக வேண்டும்.

1875இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை, 1882இல் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றியது. இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற பேதமில்லாத உலக சகோதரத்துவத்துக்கு ஒரு கரு உருவாக்குவது அதன் முதல் நோக்கம். 'சாதி' என்ற சொல் அந்தப் பட்டியலில் தெளிவாகவே இருக்கிறது.

1905இல் சபையின் தலைவர்களான அன்னி பெசண்ட்டும் லெட்பீட்டரும் 'எண்ண வடிவங்கள்' என்ற பொருளில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வோர் எண்ணத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத வடிவமும் நிறமும் உண்டு என்று சொல்லி, அவற்றைப் படங்களாக அச்சிட்டார்கள். மனிதரோ மரமோ இல்லாத நிற மேகங்கள், சுருள்கள், நட்சத்திரங்கள். காண்டின்ஸ்கிக்கு இந்த நூல் தெரிந்திருந்தது. நிறங்கள் மனதோடு பேசும் என்ற அவரது கொள்கையைப் பேசும் கலை வரலாற்றாளர்கள் இந்த நூலையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

அந்த நூலின் நிற அட்டவணையைக் கவனியுங்கள். தெளிவான நீலமும் ஊதாவும் பக்தி, ஆன்மிக உயர்வு. மங்கலான பழுப்பும் சாம்பலும் சுயநலம், பேராசை. கறுப்பு வெறுப்பு. மேலே சுத்தம், கீழே கலங்கல். நிறங்களில்கூட ஓர் ஏணி இருக்கிறது. ஆன்மாக்கள் பிறவி பிறவியாக அந்த ஏணியில் ஏறுகின்றன என்பது சபையின் நம்பிக்கை.

இந்த ஏணி மனிதர்கள் மேல் வைக்கப்பட்டால் என்ன ஆகும்? அதற்கும் அடையாற்றிலேயே பதில் உண்டு.

சபையின் முதல் தலைவர் கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுக்கு அருகே தீண்டப்படாத மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பிறகு இன்னும் சில பள்ளிகள் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் அவரோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இந்த உதவியை நாம் மறக்கக் கூடாது.

1907இல் ஆல்காட் இறந்தார். அன்னி பெசண்ட் தலைவரானார். 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் உட்கார வைக்கக் கூடாது என்பது அதன் வாதம். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? இந்தப் பிள்ளைகளின் உடல் நாற்றம். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட உணவும் குடித்த மதுவும் உடலைக் கெடுத்துவிட்டன. சுத்தமான உணவு உண்டு சில தலைமுறைகள் கடந்தால்தான் பக்கத்தில் உட்காரும் தகுதி வரும் என்றார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியான தன் நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். அதனால்தான் இன்று நாம் அதைப் படிக்க முடிகிறது.

உலக சகோதரத்துவம் பேசிய அதே கை எழுதியது இது. அவருடைய சகோதரத்துவம் வானத்தில் இருந்தது. அங்கே உடல் இல்லை, சோறு இல்லை, வாசனை இல்லை. பெஞ்சில் பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அது கலைந்துபோனது.

தொழிலாளி என்ற அரூபம்

இப்போது வடக்கே வருவோம். பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள 'பேசின்', பக்கிங்காம் கால்வாயில் படகுகள் நின்று சரக்கு ஏற்றி இறக்கிய நீர்த்தேக்கம். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களை வைத்து வெட்டப்பட்ட பகுதிகளும் அந்தக் கால்வாயில் உண்டு. கால்வாய், ரயில், துறைமுகம் மூன்றும் சேரும் இந்தப் பக்கத்தில் ஆலைகள் முளைத்தன. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் பஞ்சாலைகள் இருந்தன. 'பி அண்ட் சி மில்' என்றால் வடசென்னையின் வயதானவர்களுக்கு இன்றும் தெரியும். 1996இல் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதிக்குச் சோறு போட்ட ஆலை.

அங்கே வேலை நேரம் நீளம். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். தொழிலாளர்களின் குறையைக் கேட்டுப் பெரம்பூருக்கு வந்தவர்களில் பி.பி. வாடியா முக்கியமானவர். பம்பாய்ப் பார்சி. அன்னி பெசண்ட்டுக்கு நெருக்கமான பிரம்மஞானி. 1917இல் பெசண்ட்டோடு சேர்த்து அரசால் காவலில் வைக்கப்பட்டவர். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோரோடு சேர்ந்து 1918 ஏப்ரல் 27 அன்று 'சென்னைத் தொழிலாளர் சங்கம்' தொடங்கினார். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

1918ஆம் ஆண்டு ஐரோப்பாவில் 'டி ஸ்டைல்' குழு 'பொது'வைப் பற்றி அறிக்கை எழுதிய ஆண்டும்கூட. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் வேலை செய்த எண்ணம் ஒன்றுதான். தனித்தனி அடையாளங்களை ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் பொருந்தும் ஒன்றை எடுப்பது. ஓவியத்தில் அது சதுரம். ஆலையில் அது 'தொழிலாளி'. யோசித்துப் பார்த்தால் தொழிலாளி என்ற சொல்லும் ஓர் அரூபம்தான். அந்தச் சொல்லுக்கு முகம் இல்லை, ஊர் இல்லை, தெரு இல்லை. கூலிக்கு நேரத்தை விற்கும் எவரும் அதற்குள் அடங்குவார்.

அதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நாயுடு, முதலியார், முஸ்லிம், பறையர் என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒரே கூட்டத்தில் ஒரே பெயரால் அழைக்கப்பட்டார்கள். ஒரு வெள்ளைக்கார மேனேஜர் முன்னால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எடை இருந்தது. கம்பெனி பயந்தது. வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தில் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. 1921 தொடக்கத்தில் அவர் தொழிற்சங்க வேலையிலிருந்து விலக நேர்ந்தது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அந்த வழக்கிலிருந்து எழுந்துதான் 1926ஆம் ஆண்டுச் சட்டம் வரை போனது. இன்று நாம் சங்கம் வைக்கும் உரிமையில் பெரம்பூருக்குப் பங்கு இருக்கிறது.

புளியந்தோப்பு, 1921

அதே 1921இன் நடுவில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அக்டோபர் வரை இழுத்தது. ஒத்துழையாமை இயக்கத்தின் சூடு வேறு. தொடக்கத்திற்குப் பின் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பியது, அல்லது வேலையை விடவில்லை. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். ஆலை வாசலில் ஆரம்பித்த மோதல் புளியந்தோப்புச் சேரிகளுக்குள் வந்தது. குடிசைகள் எரிக்கப்பட்டன. இரு பக்கமும் அடிபட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நம் குடும்பங்கள் வீடிழந்து முகாம்களில் தங்கின.

தொழிற்சங்க வரலாறுகள் பலவற்றில் இந்த இடத்தில் ஒரு சொல் வந்து விழும்: கருங்காலி. போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள். அவ்வளவுதான் விளக்கம்.

நாம் கொஞ்சம் நின்று கேட்போம். மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நிற்க யாரால் முடிந்தது? ஊரில் கொஞ்சம் நிலம், சொந்தக்காரர் கடை, தெருக்கோடியில் கடன் கொடுக்கும் செட்டியார் என்று ஏதாவது ஒன்று இருந்தவரால் முடிந்தது. சேரியில் இருந்தவருக்கு ஆலைச் சம்பளத்தை விட்டால் மறுபடியும் பண்ணையாள் வாழ்க்கைதான். சாதித் தொழிலுக்கு வெளியே, கையில் ரொக்கமாகக் கூலி கிடைத்த அபூர்வமான இடம் அந்த ஆலை. வேலைநிறுத்தத்தின் செலவு எல்லோருக்கும் சமம் இல்லை. இரண்டாவதாக, முடிவு எடுத்த மேடையில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? சங்கக் கூட்டத்தில் தோழன், தெருவுக்குத் திரும்பினால் தீட்டு என்றால் அந்தத் தோழமையை எவ்வளவு தூரம் நம்புவது?

கம்பெனியும் வெள்ளை அரசும் இந்தப் பிளவால் லாபம் அடைந்தன. அதை ஊதிவிடவும் செய்தன. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் ஊதியது ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த ஒன்றை. அரசு ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சியின் தலைவர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். சட்டமன்றத்தில் இருந்த எம்.சி. ராஜா நம் மக்கள் பக்கம் நின்று பதில் சொன்னார். நீதிக்கட்சியோடு அவருக்கு ஏற்பட்ட விரிசலில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காங்கிரஸ், நீதிக்கட்சி, சங்கம் மூன்றும் ஆளுக்கொரு 'பொது' வைத்திருந்தன. புளியந்தோப்பு எரிந்தபோது மூன்றிலும் நமக்கு இடம் குறைவாக இருந்தது.

தறிக்கூடமும் எச்சிலும்

அதே 1921 மார்ச்சில் மாஸ்கோவில் 'கட்டுமானவாதிகள்' என்ற கலைஞர் குழு உருவானது. ரோட்செங்கோ அந்த ஆண்டு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பலகைகளை மட்டும் வைத்து, ஓவியம் இத்தோடு முடிந்தது என்றார். இனி கலை ஆலைக்குப் போக வேண்டும். லியுபோவ் போப்போவா, வர்வரா ஸ்டெபனோவா என்ற இரண்டு பெண்கள் 1923-24இல் மாஸ்கோவின் முதலாம் அரசுத் துணி அச்சு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வட்டமும் கோடும் கட்டமுமாக அவர்கள் வரைந்த வடிவங்கள் சாதாரண மக்கள் உடுத்தும் துணியில் அச்சாயின. படம் வரைந்து கொடுப்பதோடு தங்களை நிறுத்தக் கூடாது, உற்பத்தி பற்றிய முடிவுகளிலும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள்.

கலை பஞ்சாலைக்குள் போன அழகான தருணம் அது. நம் நாட்டுப் பஞ்சாலைக்குள் போனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கும். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். ஏன்? நாடாவில் நூல் தீர்ந்து புது நூல் கோக்கும்போது, வாயால் உறிஞ்சித்தான் நுனியை இழுக்க வேண்டும். ஒரு பறையர் அல்லது மகர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கையாக வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். இடதுசாரித் தலைவர்களுக்கு அது வர்க்க ஒற்றுமையைக் குலைக்கும் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

நூல் ஒன்றுதான். தறி ஒன்றுதான். 'தொழிலாளி' என்ற அரூபச் சொல்லுக்குள் எல்லோரும் சமம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு வாய் இல்லை, எச்சில் இல்லை. சாதி அங்கேதான் குடியிருந்தது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதற்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கிறது.

சென்னைக்கு வந்த அரூபம்

இந்தியாவுக்கு அரூப ஓவியம் நேராகவே வந்தது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சிக்குப் பௌஹாஸ் ஓவியர்களான காண்டின்ஸ்கி, பால் கிளே, இட்டன், ஃபைனிங்கர் ஆகியோரின் படைப்புகள் கப்பலேறி வந்தன. சாந்திநிகேதனில் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதற்கு முக்கியக் காரணம்.

சென்னையில் அது தாமதமாகத்தான் வேர் பிடித்தது. பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியக் கல்லூரி 1850இல் தொடங்கியது. 1929 முதல் 1957 வரை அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. பாறையை நெம்பும் நான்கு உடல்கள், நரம்பு புடைத்த கைகள். அது அரூபம் இல்லை, முழுக்க உடல். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். வாசிக்க முடியாத எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள். 1966இல் அவரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்று, சேர்ந்து நிலம் வாங்கி, சேர்ந்து வாழ்ந்தார்கள். பௌஹாஸ் கனவின் ஒரு துண்டு கிழக்குக் கடற்கரையில் நடந்து காட்டப்பட்டது. அந்தக் கூட்டு முயற்சிக்கு நம் மரியாதை உண்டு.

ஆனாலும் ஒரு கேள்வியை வைக்கிறோம். ஐரோப்பிய அரூபத்துக்கு 'இந்திய' வடிவம் தேடியபோது ஜாதகமும் தாந்திரிகச் சக்கரமும் யந்திரமும் ஓவியர்கள் கைக்கு எளிதாக வந்தன. பறையின் வட்டம், தோல் பதனிடும் தொட்டி, துறைமுகக் கூலியின் கொக்கி, சலவைத்துறைக் கல் ஆகியவை ஏன் அவ்வளவு எளிதாக வரவில்லை? இவையும் வடிவங்கள்தானே? வட்டம், செவ்வகம், வளைகோடு. எந்தக் குறி 'எல்லோருக்கும் பொது' என்று ஏற்கப்படுகிறது, எது 'அவங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கப்படுகிறது என்பது கோட்டுக்குள் இல்லை. கோட்டைப் பார்க்கும் சமூகத்தில் இருக்கிறது. சதுரத்துக்குச் சாதி இல்லை. சதுரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதற்கு உண்டு.

கீழிருந்து வந்த பொது

அப்படியானால் 'பொது' என்பதே ஏமாற்றா? எங்கள் முடிவு அது இல்லை. நம் முன்னோர்களிடமும் ஒரு பொது இருந்தது. அது வேறு வழியில் வந்தது.

அயோத்திதாசர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, நம்மைச் சாதிப் பெயரால் பதியாதீர்கள், சாதிபேதமற்ற பூர்வத் தமிழர்கள் என்று பதியுங்கள் என்று கேட்டார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். 'தமிழன்' என்ற சொல்லும் ஓர் அரூபம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் போகும் முன் அவர் செய்த வேலையைப் பாருங்கள். யார் நம்மைத் தாழ்த்தினார்கள், எந்தக் கதையால், எந்தச் சடங்கால், எந்த ஆவணத்தால் என்று வாரா வாரம் எழுதினார். காயத்துக்குப் பெயர் வைத்த பிறகுதான் பொதுப் பெயரைக் கேட்டார்.

எம்.சி. ராஜாவும் அதையே செய்தார். புளியந்தோப்பு எரிந்த அடுத்த ஆண்டு, 1922இல், சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, அரசுப் பதிவேடுகளில் 'பறையர்', 'பஞ்சமர்' என்பதற்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணை வந்தது. இழிவு ஏற்றப்பட்ட பெயரை எடுத்துவிட்டு, பல சாதிகளை ஒரே உரிமைக் குரலில் சேர்க்கும் பெயரை வைத்தார்கள். தோழர்கள் 'தலித்' என்று சொல்லும்போது நடப்பதும் அதுதான். நீலக்கொடியைப் பாருங்கள். ஒரு நிறம், ஒரு சக்கரம். யாருடைய முகமும் இல்லாமலே அது என்ன சொல்கிறது என்று சேரியில் உள்ள குழந்தைக்கும் தெரியும். அதை அவிழ்க்க வருகிறவருக்கும் தெரியும். அரூபம் மக்களுக்குப் புரியாது என்று யார் சொன்னது?

ஐரோப்பிய ஓவியர்களின் கனவை நாம் கேலி செய்யத் தேவையில்லை. அதைக் கண்டு பயந்தவர்கள் யார் என்று பார்த்தாலே அதன் மதிப்பு தெரியும். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹாஸ் மூடப்பட்டது. 1937இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து நவீன ஓவியங்களை அவமானப்படுத்தக் கண்காட்சியே நடத்தினார்கள். சோவியத்திலும் 1932இல் கலைக் குழுக்கள் கலைக்கப்பட்டன. இனத்தூய்மை பேசுகிறவர்களுக்கும் எல்லாவற்றையும் மேலிருந்து ஆள்கிறவர்களுக்கும், முகமில்லாத ஒரு சதுரம் தொந்தரவாக இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஒன்று இருக்க முடியும் என்று அது சொன்னதே காரணம்.

ஆனால் அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பதில்தான் நமக்கும் அடையாற்றுக்கும் வேறுபாடு. பேதத்தைப் பார்க்காமல் விட்டால் பேதம் மறையும் என்று அவர்கள் நம்பினார்கள். பார்க்காமல் விட்டதால் அது வகுப்பறைப் பெஞ்சிலும் தறி நாடாவிலும் சங்க மேடையிலும் பத்திரமாக இருந்தது. புளியந்தோப்பில் அது தீயாக வெளியே வந்தது.

இன்று கல்லூரியிலும் கட்சியிலும் தொண்டு நிறுவனத்திலும் உங்களை யாராவது "நாமெல்லாம் மாணவர்கள்", "நாமெல்லாம் பெண்கள்", "நாமெல்லாம் தமிழர்கள்" என்று அழைப்பார்கள். போங்கள். அந்தச் சொற்கள் நமக்கும் வேண்டும்; அவற்றை உருவாக்கியதில் நம் பாட்டன், பாட்டிகளின் உழைப்பும் இருக்கிறது. போகும்போது மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முடிவெடுக்கும் மேடையில் நம் ஆட்கள் இருக்கிறார்களா? போராட்டத்தின் செலவு யார் தலையில் அதிகம் விழுகிறது? கூட்டம் முடிந்தபின் ஒரே தட்டில் சாப்பிடுவார்களா?

மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால், அந்தப் 'பொது'வில் நம் பெயரையும் எழுதலாம். கிடைக்காவிட்டால், பதில் கிடைக்கும்வரை அதே மேடையில் நின்று கேட்டுக்கொண்டே இருப்போம். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் செய்ததும், அம்பேத்கர் பம்பாய் ஆலை வாசலில் செய்ததும் அதுதான்.

ஜெய்பீம்.